உம்றாப் பையுடன் மலேசியாவுக்கு

வெளிநாட்டுக்கு உல்லாசப் பயணம் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் அறிவுரை, ஏஜென்சியில் இலவசமாகத் தரும் பையைக் கணவரின் கையில் கொடுக்காதீர்கள் என்பதுதான். விசா, காலநிலை, வெளிநாட்டுக் காசு எல்லாம் அதற்குப் பிறகு. இதை எந்த ஏஜென்சியும் உங்களுக்குச் சொல்லாது. அந்தப் பை எங்கள் வீட்டுக்குள் வந்து செய்த வேலையை அனுபவித்தவள் என்பதால் நான் சொல்கிறேன்.

என் பெயர் மர்ஷூதா. இலங்கையின் கிழக்கில், சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கம் வீடு. வீடு என்னுடையது, ஏனென்றால் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். என் கணவர் றமீஸும் அப்படித்தான் வந்தார். வந்து சுவருக்கு அடித்த பெயின்ற் காயும் முன்னே கட்டாருக்கு லொறி ஓட்டப் போனார். பதினெட்டு வருடம் ஓட்டினார். இடைக்கிடை விடுமுறையில் வந்து, வீட்டில் எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று பழகுவதற்குள் திரும்பிப் போவார். ஒரேயடியாக வந்து சேர்ந்த பிறகு, என்ன வேண்டும் என்று ஒரு நாள் என்னைக் கேட்டார். நகை வேண்டாம், மேல்மாடி வேண்டாம், எங்காவது ஒரு நாட்டில் ஒரு வாரம் சமைக்காமல், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பிளேன்டீ ஊற்றாமல் உங்களோடு இருந்தால் போதும் என்றேன். அவர் மூன்று வருடம் யோசித்தார். பிறகு மலேசியா என்றார்.

எங்கள் ஊரில் மனிதர்கள் விமானம் ஏறுவதற்கு இரண்டு காரணங்கள்தான் உண்டு. ஒன்று உழைப்பதற்கு. மற்றது மக்காவுக்கு, உம்றாவுக்கோ ஹஜ்ஜுக்கோ. மூன்றாவதாகவும் ஒரு காரணம் இருப்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது அறுகம்பேயில் பலகையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் வெள்ளைக்காரர்களுக்கு உரியது. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு புருஷனும் பொஞ்சாதியுமாக லங்காவித் தீவைப் பார்க்கப் போகக் கூடாது என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லவில்லை. யாரும் போனதும் இல்லை.

கல்முனையில் ஒரு ஏஜென்சிக்குப் போனோம். அவர்களுடைய வியாபாரம் முழுக்க உம்றாதான். உம்றாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு மௌலவி வந்து இரண்டு மணி நேரம் வகுப்பு எடுப்பார். மலேசியாவுக்கு வகுப்பு எடுக்க மௌலவி இல்லாததால், டிக்கெட் அடிக்கும் பிள்ளையை எங்களுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். பெயர் தினேஷா. மெதடிஸ்தக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. மலேசியாவுக்கு அவளும் போனதில்லை. ஆனால் போனவர்கள் பட்ட பாட்டையெல்லாம் தேடித் தேடி வாசித்திருந்தாள்.

"பாஸ்போட்ட மூணு கொப்பி எடுத்து மூணு இடத்தில வைங்க அன்ரி. குளிசை கொண்டு போறெண்டா டொக்டர்ர துண்டும் சேத்துக் கொண்டு போங்க. கருவாடு கொண்டு போகாதீங்க."

"கருவாடு கொண்டு போக நான் என்ன கடையா போடப் போறன்?" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுறாங்க அன்ரி. மறுகா எயார்போட்டில பெட்டியத் திறந்தா கருவாடுதான்."

பிறகு, தூரப் பயணம் போகும் பஸ்ஸில் குளிர் எலும்பைத் துளைக்கும், சால்வை கொண்டுபோக வேண்டும் என்றாள். டூரியன் பழத்தை ஹோட்டல் அறைக்குள் கொண்டுபோனால் தண்டம் அடிப்பார்களாம். குரங்கு உள்ள இடத்தில் கையில் சாப்பாட்டுப் பொட்டலம் வைத்திருக்கக் கூடாதாம். கடைசியாக, போகிற விமானத்தின் நம்பரையும் வருகிற விமானத்தின் நம்பரையும் திகதியோடு ஊரில் யாராவது ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றாள்.

அதுவரை எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்த என் கணவர், "அது தேவையில்ல மகள்," என்றார்.

"இல்ல அங்கிள், ஒரு அவசரமெண்டா..."

"தேவையில்ல," என்றார் மறுபடியும். தினேஷா என்னைப் பார்த்தாள். நான் மேசையில் இருந்த பேனையைப் பார்த்தேன்.

எழும்பும்போதுதான் அந்தப் பையைத் தந்தாள். உம்றாவுக்குப் போகிறவர்கள் தோளில் மாட்டும் பச்சை நிறப் பை. ஒரு பக்கம் பள்ளிவாசல் குப்பாவும் மினாராக்களும் பிறையும் அச்சடித்திருந்தது. மலேசியாவுக்கென்று வேறு பை அடிக்கவில்லை, இங்கிருந்து அந்தப் பக்கம் இதுவரை யாரும் கேட்டு வரவில்லை என்று வெட்கத்தோடு சொன்னாள். ஆறு அறைக்கும் இழுத்து மூடும் சிப் வைத்த நல்ல பை. ஓசியில் கிடைத்ததை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் ஒரு துணிக்கடைக்குப் போக வேண்டியிருந்ததால், அதை அவரிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

அவர் பையை மோட்டார் சைக்கிள் ஹேண்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வழியில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. வெளியே வைத்தால் களவு போகும் என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்குள் போயிருக்கிறார். தொழுது முடிந்து வெளியே வந்தபோது நாலைந்து பேர் வந்து கட்டிப்பிடித்திருக்கிறார்கள். எப்போது பயணம் என்று கேட்டார்களாம். வாற கிழமை என்றாராம். எங்களுக்கும் துஆ செய்யுங்கள் என்றார்களாம். இன்ஷா அல்லாஹ் என்றாராம்.

"நான் ஒரு பொய்யும் சொல்லல்ல புள்ள," என்று என்னிடம் சொன்னார். அது உண்மை. அவர் வாயிலிருந்து ஒரு பொய்யும் வரவில்லை. எல்லாப் பொய்யையும் பைதான் சொன்னது.

"அங்கேயே நிண்டு மலேசியா எண்டு சொல்ல வாயில்லையா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"பள்ளிவாசல் படியில நிண்டு எப்படிப் புள்ள அத சொல்ற? ரெண்டு நாள் பொறு. ஒவ்வொருத்தராப் பாத்து மெதுவாச் சொல்றன்," என்றார். நானும் புருஷன் சொல்லைக் கேட்கிற நல்ல பெண்ணாக ரெண்டு நாள் பொறுத்தேன். இது இரண்டாவது அறிவுரை: அப்படிப் பொறுக்காதீர்கள்.

அன்று மாலையே பக்கத்து வீட்டு ஆமினா உம்மா வந்துவிட்டார். இரண்டு தடவை ஹஜ் செய்தவர். மக்காவில் எந்த வாசலுக்கு நேரே மலசலகூடம் இருக்கிறது என்பது வரை அவருக்கு அத்துப்படி.

"குளிக்கிற சவுக்காரம் மணமில்லாததா வாங்கு புள்ள. செருப்ப வைக்க ஒரு சீலப் பை தைச்சுக்க, வாசல்ல வெச்சிட்டுப் போனா அது மறுகா உன்ட செருப்பு இல்ல. நடந்து நடந்து தொட உராயும், வாஸ்லின் பூசிக்க. ஒரு சோடி காலுறை கூடக் கொண்டு போ. புருஷன்ட கைய மட்டும் விட்டிராத, அங்க எல்லா ஆம்பிளையும் வெள்ள உடுப்புத்தான்."

நான் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றேன். இடையில் பிளேன்டீ ஊற்றினேன். பிளேன்டீ ஊற்றாமல் இருப்பதற்காகப் போகும் பயணத்துக்காக, அந்த வாரம் மட்டும் நான் ஊற்றிய பிளேன்டீயில் ஒரு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கலாம்.

ஏனென்றால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மக்காவுக்குப் போகிறவர் யாரோடும் மனக்கசப்பை வைத்துக்கொண்டு போகக் கூடாது. அதனால் அவர் வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைக்கு மாப்புச் செய்யுங்கள் என்று கேட்பார். அவர் போகாவிட்டால் மற்றவர்கள் அவரைத் தேடி வந்து கேட்பார்கள். எதிர்வீட்டு முகம்மது தம்பி வந்து, எங்கள் தென்னையிலிருந்து தன் வளவுக்குள் விழுந்த தேங்காய்களையெல்லாம் தான் எடுத்ததாகச் சொல்லி மாப்புக் கேட்டார். விழாத தேங்காய்களையும் எடுத்தார் என்பது என் கணிப்பு. அதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் மாப்புச் செய்தேன், விழுந்ததற்கு மட்டும்.

என் கணவர் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வேறு ஆராய்ச்சியில் இறங்கினார். கோலாலம்பூரில் பேரீச்சம்பழம் வாங்கலாம்தானே என்றார். மக்காவிலிருந்து எல்லோரும் கொண்டுவரும் ஸம்ஸம் தண்ணீர் கொழும்பில் யாரிடமாவது கிடைக்குமா என்று யாருக்கோ தொலைபேசி எடுத்தார். உம்றா முடித்த ஆண்கள் தலையை மழித்துக்கொண்டு வருவார்கள் என்பது நினைவுக்கு வந்ததும் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று தலைமயிரைத் தடவிப் பார்த்தார்.

"லங்காவியில பாபர் சலூன் இரிக்கும்தானே?" என்று கேட்டார்.

அல்லாஹ்ட காவல். பொய்க்காக மொட்டை அடிக்கத் தயாராகும் ஒரு மனிதரோடு நான் எத்தனை வருடமாகக் குடும்பம் நடத்துகிறேன் என்று யோசித்தேன். இதுவரை எல்லாம் சிரிக்கக்கூடிய விஷயமாகத்தான் இருந்தது. காக்கா வந்த பிறகு அப்படி இல்லை.

காக்கா என்றால் என் கணவரின் ஒரே அண்ணன், முகைதீன்பாவா. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். நாவிதன்வெளியில் வயல். ஒன்பது வருடமாக, என் கணவர் ஊரில் நிற்கும்போதெல்லாம், இரண்டு பேரும் ஒரே பள்ளியில்தான் தொழுதார்கள், ஒருவர் முன்வரிசையில் நின்றால் மற்றவர் பின்வரிசையில் நிற்பார். ஒரு வார்த்தை கதைத்ததில்லை. மகளின் கல்யாணத்துக்குக் கூட அவர் வந்து, சாப்பிட்டு, என் கணவரைப் பார்க்காமல் போனார்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவர்களுடைய வாப்பா, என் மாமனார், மௌத்தானார். என் கணவர் அப்போது கட்டாரில். டிக்கெட் எடுத்துவிட்டேன், நாளைக்கு வந்துவிடுவேன், அடக்காமல் வைத்திருங்கள் என்று அழுதார். காக்கா வைத்திருக்கவில்லை. அன்றைக்கே அடக்கினார். தான் வர முன்னம் அடக்கிவிட்டார் என்ற கோபத்தில்தான் தம்பி கதைக்காமல் இருக்கிறான் என்று ஊர் முழுக்க நினைத்தது. காக்காவும் அப்படித்தான் நினைத்தார்.

எனக்கு மட்டும் வேறு கதை தெரியும். என் கணவர் ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார். அதற்கு முன்னால் அவர் ஒவ்வொரு முறை வரும்போதும் வான் பிடித்துக்கொண்டு குடும்பமே கட்டுநாயக்கா எயார்போட்டுக்குப் போகும், காக்கா டிரைவருக்குப் பக்கத்தில் முன்சீட்டில் இருப்பார். அன்றைக்கு ஜனாஸா வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தோம், எயார்போட்டை யாரும் நினைக்கவில்லை. அவர் வெளியே வந்து, நின்றுகொண்டிருந்த கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்திருக்கிறார். காக்கா எப்படியும் ஒரு ஆளை அனுப்பியிருப்பார் என்று அங்கேயே நின்றிருக்கிறார். பிறகு தனியாக பஸ் ஏறி, ஊருக்கு வந்து, பெட்டியோடு நேரே வாப்பாவை அடக்கிய மையவாடிக்குப் போனார். அதற்குப் பிறகு கட்டாரிலிருந்து வந்த எந்த முறையும் அவர் வரும் நாளை யாருக்கும் சொன்னதில்லை. எனக்கும்தான். திடீரென்று ஒரு நாள் கேற்றடியில் பெட்டியோடு நிற்பார். தினேஷாவிடம் ஏன் தேவையில்லை என்று சொன்னார் என்பது இப்போது உங்களுக்கு விளங்கும்.

அந்தக் காக்கா ஒரு மாலை எங்கள் கேற்றைத் திறந்துகொண்டு வந்தார். ஸலாம் சொன்னார். என் கணவர் கதிரையிலிருந்து எழும்பி நின்றாரே தவிர பதில் வரவில்லை. நான்தான் பதில் ஸலாம் சொன்னேன். காக்கா கதிரையின் நுனியில் உட்கார்ந்து, ஒரு பார்சலை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் இருந்த மணிக்கூட்டோடு கதைப்பது போலக் கதைத்தார்.

"நீ போறாயாம்."

"ஓம் காக்கா."

"நல்லம். அந்த இடத்துக்குப் போறவன் ஒண்டையும் மனசில தூக்கிட்டுப் போகப்படா. அதான் வந்தன். வாப்பாட மையித்த நீ வர முன்னம் அடக்கினது சரியோ பிழையோ, உனக்கு நொந்தது எனக்குத் தெரியும். என்ன மாப்புச் செஞ்சிரு."

என் கணவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "செஞ்சிட்டன் காக்கா. நீங்களும் என்ன மாப்புச் செய்யுங்க," என்றார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். குசினி வாசலில் நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்பது வருடமாக ஒவ்வொரு பெருநாளிலும் நான் கேட்ட துஆ அது.

பிறகு காக்கா பார்சலைப் பிரித்தார். உள்ளே உம்றாவில் ஆண்கள் உடுக்கும் ஒரு சோடி இஹ்ராம் துணி. தைக்காத இரண்டு வெள்ளைத் துண்டுகள், கடை மடிப்புக் கலையாமல் இருந்தன.

"கல்முனையில நல்லதா இதுதான் கிடந்திச்சி. உன்ட உம்றா முடிஞ்ச உடன, வாப்பாட பேரிலயும் ஒண்டு செய். அவருக்குப் போகக் கிடைக்கல்லதானே."

அவர் போன பிறகு அந்தத் துணி மேசையில் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதுவரைக்கும் பொய் என்பது ஒரு பச்சைப் பையாக மட்டும் இருந்தது, அலுமாரிக்கு மேலே தூக்கிப் போட்டுவிடலாம். இந்தத் துணியை எங்கே போடுவது?

"மலேசியாவ விட்டுட்டு உம்றாவுக்கே மாத்தினா என்ன?" என்றார் கடைசியாக.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "உம்றாவுக்குப் போறெண்டா அல்லாஹ்வுக்காகப் போகணும். உங்கட வெக்கத்துக்காகப் போக ஏலா. அதுக்கு மறுகா ஒரு நாள் மனசால நிய்யத் வெச்சு, முறையாப் போவம். இது என்ட பயணம். காக்காக்கிட்டப் போய் உள்ளதச் சொல்லுங்க."

"சொன்னா அவர் இன்னும் ஒம்பது வருஷம் கதைக்க மாட்டார்."

"சொல்லாட்டி, இனி நீங்க அவரோட கதைக்கிறது பூராவும் பொய். வாப்பாட உம்றாவ எப்படிச் செஞ்ச எண்டு கேட்டா என்ன சொல்லுவீங்க? லங்காவியில செஞ்ச எண்டா?"

அடுத்த நாள் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்தவர், சேர்ட் மாற்றாமல் இஹ்ராம் துணியை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். வழியில் மனம் மாறி மீன் வாங்கப் போய்விடக் கூடிய ஆள் அவர்.

காக்கா வளவில் குந்தியிருந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் சிரித்தார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கண்டது அன்றைக்குத்தான், அது இரண்டு நிமிடம் கூட நிற்கவில்லை.

"காக்கா, நாங்க உம்றாவுக்குப் போகல்ல. மலேசியாவுக்குப் போறம்," என்றார் என் கணவர். நின்ற நிலையிலேயே சொன்னார்.

"மலேசியாவுக்கா."

"ஓம்."

"என்ன வேலைக்கி?"

"வேலைக்கில்ல. சும்மா."

"சும்மாவா."

"ஓம் காக்கா. சும்மா பாத்துட்டு வாற."

காக்கா மண்வெட்டியைக் கீழே வைத்தார். விமானம் ஏறிச் சும்மா ஒரு நாட்டுக்குப் போவது என்பதை அவர் மனதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு, "அப்ப நான் வந்து கேட்ட மாப்பு?" என்றார்.

"நான் குடுத்தது குடுத்ததுதான். அது பொய்யில்ல. பைதான் பொய். ஆனா காக்கா, ஒண்டு சொல்லணும். அடக்கினத்துக்கு எனக்குக் கோவம் இருந்ததில்ல. மையித்த வெச்சிக்கிட்டு இருக்கேலா எண்டு எனக்குத் தெரியாதா? எயார்போட்டுக்கு ஒருத்தரும் வரல்ல. அதுதான்."

கோபித்தால் ஒரு பதில் சொல்லலாம், அழுதால் ஒரு ஆறுதல் சொல்லலாம். காக்கா இரண்டும் செய்யவில்லை. என் கணவர் நீட்டிய துணியை வாங்கி, மண்வெட்டிப் பிடியின் தூள் அதில் பட்டிருந்ததைத் தட்டிவிட்டு, வீட்டுக்குள் போனார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தோம். பிளேன்டீயும் வரவில்லை, ஆளும் வரவில்லை. திரும்பி வந்துவிட்டோம்.

நான்தான் என் கணவரைச் சொல்ல வைத்தேன், நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு மொட்டையோடும் இரண்டு போத்தல் ஸம்ஸம் தண்ணீரோடும் அண்ணன் தம்பி ஒன்றாக இருந்திருப்பார்கள் என்ற எண்ணம் வழி முழுக்க வந்தது.

அன்று பள்ளியிலும் உள்ளதைச் சொன்னார். காக்காவிடம் சொன்ன பிறகு மற்றவர்களிடம் சொல்வது அவருக்கு ஒரு பாரமாகவே இருக்கவில்லை. சிலர் சிரித்தார்கள். ஆமினா உம்மா மட்டும் நேரே வீட்டுக்கு வந்து, "ரெண்டு நாளா எனக்குப் பக்கத்தில இரிந்து ஓம் ஓம் எண்டாயே புள்ள," என்றார். பிறகு, மலாய்ப் பெண்கள் தொழும்போது போடுவார்களே ஒரு வெள்ளை உடுப்பு, அதில் ஒன்று வாங்கி வரச் சொன்னார். முகம்மது தம்பி தன் மாப்பைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து எங்கள் தேங்காய்கள் மறுபடியும் அவருடைய வளவுக்குள் விழத் தொடங்கின.

உம்றாவுக்குப் போகிறவர்களை வழியனுப்ப மூன்று வான் போகும். நாங்கள் பஸ்ஸில் போனோம். யாரும் வரவில்லை. காக்கா வருவார் என்று நான் பஸ் புறப்படும் வரை கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் பார்க்கவில்லை.

மலேசியாவைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. நல்ல நாடு. ஆமினா உம்மா மக்காவுக்கென்று சொன்ன அறிவுரை அத்தனையும் அங்கே பலித்தது. கோலாலம்பூர் பள்ளிவாசலில் செருப்பைச் சீலைப் பைக்குள் போட்டு வைத்திருந்ததால் எங்கள் செருப்பு எங்களிடமே இருந்தது. லங்காவியில் நடந்த நடைக்கு வாஸ்லின் ஒரு போத்தல் முடிந்தது. மணமில்லாத சவுக்காரம் மட்டும்தான் தேவைப்படவில்லை. தினேஷா சொன்னதும் சரி, பஸ்ஸுக்குள் நான் சால்வையைப் போர்த்திக்கொண்டிருக்க, ஒரு சேர்ட்டோடு வந்த அவர் கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு வந்தார். பாதையைப் பார்த்தும், லொறிகளைப் பார்த்தும், டிரைவர்கள் திருப்பும் விதத்தைப் பார்த்தும் அவர் கதைத்த கதை, பதினெட்டு வருடம் தொலைபேசியில் கதைத்ததை விட அதிகம். பச்சைப் பையைத் தோளில் கண்ட ஒரு புத்தளத்துக் குடும்பம், உணவுக் கடையில் எங்களிடம் வந்து துஆ செய்யச் சொல்லிக் கேட்டது. இந்த முறை என் கணவர், "நாங்க லங்காவிக்குப் போறம்," என்று உடனே சொன்னார்.

நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. ஒரு பிளேன்டீ கூட ஊற்றவில்லை. ஆனால் தொங்கு வண்டியில் ஏறி மலைக்கு மேலே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர், "காக்காக்கு இந்த உயரத்துக்குத் தலை சுத்தும்," என்றார். கேட்காத ஒன்றுக்குச் சொன்ன பதில் போல இருந்தது. நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். கையை விடாதே என்று ஆமினா உம்மா சொல்லித்தானே அனுப்பினார்.

திரும்பி வரும் விமானம் நடுப்பகல், லுஹர் நேரத்தில் கட்டுநாயக்காவில் இறங்கியது. பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தோம். வெளியே எப்போதும் போலக் கூட்டம். சவூதியிலிருந்து வந்த ஒரு பெண்ணைச் சுற்றிப் பிள்ளைகள் நின்று அழுதார்கள். என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு விறுவிறு என்று நடந்தார். அந்த இடத்தில் முகங்களைப் பார்க்காமல் நடப்பது ஒன்பது வருடப் பழக்கம். அதனால் அவருடைய தோளில் இருந்த பச்சைப் பையின் வாரை யாரோ பிடித்து இழுத்தபோது, களவு என்று நினைத்துக் கையை ஓங்கிக்கொண்டு திரும்பினார்.

வெள்ளை சேர்ட், கட்டம் போட்ட சாரம், இரவு முழுக்க பஸ்ஸில் விழித்து வந்த கண். காக்கா நின்றார்.

"காக்கா. நீங்க எங்க இஞ்ச?"

"உன்னக் கூட்டிட்டுப் போக வந்தன்."

"நாங்க வாறது உங்களுக்கு எப்படி..."

"கல்முனையில அந்த ஏஜென்சிப் புள்ளக்கிட்டப் போய்க் கேட்டன். நீங்க ஆரு எண்டு கேட்டிச்சி. அவன்ட காக்கா எண்டன். துண்டில எழுதித் தந்திச்சி." சேர்ட் பைக்குள்ளிருந்து அந்தத் துண்டை எடுத்து, சாட்சி காட்டுவது போலக் காட்டினார். விடியும்போது வந்து சேர்ந்த மனிதர், லுஹர் வரைக்கும் வெளிவாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

என் கணவர் அந்தத் துண்டைப் பார்த்தார், காக்காவைப் பார்த்தார். காக்கா துண்டை மடித்து மறுபடியும் சேர்ட் பைக்குள் வைத்தார்.

"பிந்திட்டன் தம்பி."

"இல்ல காக்கா," என்றார் என் கணவர். "பிளேன்தான் முந்தி வந்திட்டு."

காக்கா தலையை ஆட்டினார். பையைத் தம்பியின் தோளிலிருந்து கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ்ஸில் மூன்று சீட் சொல்லி வைத்திருப்பதாகச் சொல்லி முன்னால் நடந்தார்.

பஸ்ஸில் அண்ணனும் தம்பியும் ஒரு சீட்டில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பின்சீட்டு எனக்கு. மலேசியா எப்படி என்று காக்கா கேட்டார், நல்ல றோட்டு என்று இவர் சொன்னார். கொஞ்ச தூரம் போன பிறகு காக்கா ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு, "அந்த இஹ்ராம் துணி வீட்டதான் இரிக்கி. எனக்கும் ஒரு சோடி எடுக்கோணும்," என்றார்.

"எடுப்பம் காக்கா," என்றார் என் கணவர்.

ஒரு வாரம் அவரோடு தனியாக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். அந்த வாரம் முடிந்துவிட்டது. நான் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நித்திரை கொண்டேன். இடையில் விழித்தபோதெல்லாம் முன்சீட்டில் அவர்கள் இரண்டு பேரும் வாப்பாவைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.